முப்பத்திநாலு இஞ்ச்

— டேப்பைக் கொடுங்க மாஸ்டர், பத்து நிமிஷத்துல திருப்பித் தந்துடறேன். அந்த நர்ஸம்மா மூஞ்சிக்கு நேரா அளந்து காட்டணும்.

— தையல்காரன் டேப்பைக் கொடுத்துட்டு முழம் போட்டா தைக்கறது? என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க சார்.

— ஆபீஸ்ல எல்லாருக்கும் உடம்பு செக்கப். என் இடுப்பு நாப்பத்தொண்ணு இஞ்சாம்! கல்யாணத்துக்கு நீங்கதானே பேண்ட் தைச்சீங்க? முப்பத்திநாலு. இன்னிக்கும் முப்பத்திநாலுதான். இந்தா, லேபிளைப் பாருங்க.

— ஊசி மேல சத்தியமா, முப்பத்திநாலுன்னுதான் போட்டிருக்கு சார்.

— நியாயம்னா நியாயம்! இதை வச்சு எனக்கு மாரடைப்பு வர்ற வாய்ப்பு அதிகம்னு மாத்திரை எழுதிட்டார் டாக்டர். நான் ஒண்ணு கூட முழுங்கமாட்டேன்.

— அப்ப இந்தத் தொப்பை?

— வாயு.

— இடுப்பு மட்டுமா சார் பார்த்தாங்க?

— பிபி ஜாஸ்தியாம். மாடிப்படி ஏற வச்சுட்டு உடனே பார்த்தா ஏறாதா? கொழுப்பு ஜாஸ்தியாம். அது அவங்க மிஷின் கோளாறு. சிகரெட்டை நான் காசு கொடுத்து வாங்கறதே கிடையாது. யாராவது நீட்டினா, மரியாதைக்கு ஒண்ணு.

— உங்க அப்பா கூட நெஞ்சு வலியிலதானே...

— அம்பத்திரண்டு வயசுல. ஆனா அவர் குண்டு மாஸ்டர். நான்தான் முப்பத்திநாலாச்சே!

— உங்களுக்கு இப்ப வயசு?

— அம்பத்தொண்ணு. ஏன், தையல் மிஷினை நிறுத்திட்டீங்க?

— அந்த ஸ்டூல் வேணாம் சார், பெஞ்சுல உக்காருங்க. உங்க பேண்ட்ல மொதல் ரெண்டு இஞ்சுக்குப் பின்பக்கத் தையலைப் பிரிச்சு விட்டேன். அடுத்த ரெண்டு இஞ்சுக்கு ஒட்டுத்துணி. அப்புறம் ஒட்டவும் வழியில்ல. அதே துணி எடுத்துப் புதுசாவே தைச்சு, பழைய லேபிளை அதுல வச்சு...

— யார் சொல்லி?

— உங்க சம்சாரம்தான். அக்கா வருஷா வருஷம் பை நிறைய பேண்டைத் தூக்கிட்டு வருவாங்க. ‘அப்பா மாதிரி ஆயிடுவோமோன்னு பயந்தே செத்துடுவார் மாஸ்டர், அவருக்குத் தெரியவே கூடாது’ன்னு அழுதாங்க. ஊசி மேல சத்தியம் வாங்கிட்டாங்க சார்.

— இத்தனை வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க! நான் தினமும் கண்ணாடில பார்க்கறேனே?

— உங்க வீட்டுக் கண்ணாடி கழுத்து வரைக்கும்தான் காட்டும். அதுவும் அக்கா மாத்தினதுதான்.

— அளங்க மாஸ்டர்.

— மூச்சை உள்ள இழுக்காதீங்க.

— இழுக்கல.

— இழுக்கறீங்க. விடுங்க... இன்னும் விடுங்க. நாப்பத்திரண்டு. நர்ஸம்மா ஒரு இஞ்ச் தள்ளுபடி பண்ணியிருக்காங்க.

— எனக்குப் பயமா இருக்கு மாஸ்டர்.

— மாத்திரையைப் போடுங்க, நடங்க, மரியாதை சிகரெட்டை விடுங்க. ஆனா அக்காவைத் திட்டாதீங்க சார். போன வாரம் வந்தப்ப கடையோட மூணு படி ஏறறதுக்கே அவங்களுக்கு மூச்சு வாங்கிச்சு. இதே பெஞ்சுல ரொம்ப நேரம் உக்காந்துட்டாங்க. ‘நீங்களும் டாக்டரைப் பாருங்கக்கா’ன்னேன். ‘எனக்கெதுக்கு மாஸ்டர், வீட்டுல தினமும் எடை பார்க்கறேன், பத்து வருஷமா ஒரு கிலோ கூட ஏறல’ன்னு சிரிச்சாங்க.

— கடையைச் சாத்துங்க மாஸ்டர், ஒரு வண்டி பிடிங்க. அவளை இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அவ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அந்த எடை மிஷின் முள்ளை வருஷா வருஷம் பின்னால திருகி வச்சதே நான்தான்.