கசக்காத கஷாயம்

ஆடாதொடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் தெருமுனையில் வேலியோரமாகவே வளர்ந்து கிடக்கிறது. ஆடுகூட வாய் வைக்காது. அவ்வளவு கசப்பு.

இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் கேட்டதை வாயால் சொன்னால் முன்பின்னாகிவிடும். அதனால் எழுதித் தருகிறேன். அசதியாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அரக்கோணம் சாலையில் ஒரு மருந்தியல் கல்லூரியில் எலிக்கூண்டு கழுவுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நைனா என் படிப்பை நிறுத்திவிட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே ஆராய்ச்சி செய்யும் ஹேமநாதன் சார் சில எலிகளுக்கு முன்கூட்டியே ஆடாதொடைச் சாறு கொடுப்பார். சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். பிறகு எல்லாவற்றின் மூக்கிலும் நுரையீரலைக் கெடுக்கும் ஒன்றை விடுவார். தண்ணீர் குடித்தவை மூச்சுக்குத் தவித்துச் சாகும். பாவம் சார் என்று ஒருமுறை சொன்னேன்.

"பாவந்தாம்மா. தண்ணி குடிச்சது இல்லன்னா, மருந்துதான் காப்பாத்துச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது.

நைனாவுக்கும் அக்கா வீட்டுக்காரர் சக்திவேல் பாவாவுக்கும் ஆர்.கே.பேட்டையில் நூல் வெளுக்கும் பட்டறையில் வேலை. பிளீச்சிங் தொட்டி ஆவியில் நின்று இருமிக்கொண்டே வீடு திரும்புவார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் ஆரம்பித்தேன். தினமும் காலையில் இரண்டு டம்ளர் வைப்பேன். பாவாவுக்கு ஆடாதொடைக் கஷாயம். நைனாவுக்குக் கீரை வேகவைத்த தண்ணீர். பார்க்க இரண்டும் ஒன்றுதான்.

"இன்னா மச்சினி, என்னியும் எலி ஆக்கிட்டியா?" என்பார் பாவா.

"எனுக்குக் கசக்கவே இல்லியே மாப்ளே. நீ இன்னாத்துக்கு மூஞ்சச் சுளிச்சிகினு குடிக்கிற?" என்பார் நைனா. "பெத்த அப்பன்னு எனுக்கு மட்டும் எதுனா போட்டுக் குடுக்கிறா போல."

"ஆங், மருமகன்னா வேப்பெண்ணதான் மாமா."

மூன்று பேரும் சிரிப்போம்.

ஆனால் இருவரும் ஒரே மாதிரிதான் இருமினார்கள். காத்திருந்தால் எதுவும் தெரியாது. சாரும் காத்திருப்பதில்லை. ஆடிக் கிருத்திகையன்று மற்றவர்கள் காவடியோடு மலைக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் இவர்கள் இருவர்தான். சோறு கொண்டுபோனேன். உள்ளே தொட்டியருகே நின்றிருந்தார்கள். ஆவியை வெளியே இழுக்கும் மின்விசிறிக்குச் சுவிட்ச் வெளியில் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். தூக்குப் பாத்திரத்தை நிழலில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஷாலினி, கதவு மாட்டிக்கினுச்சும்மா, தொற," என்றார் நைனா.

தட்டுவது ஓய்ந்த பிறகு திறந்தேன்.

பாவா பிழைத்துக்கொண்டார். நைனா ஆஸ்பத்திரியில் இறந்தார். மருந்து வேலை செய்கிறது. இதைச் சாரிடம் சொல்லிவிடுங்கள்.

நைனாவுக்கு ஏன் தண்ணீர் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த எலிக்கு எது என்று சாரே முடிவு செய்யமாட்டார், சீட்டுக் குலுக்குவார். கஷாயம் தொடங்கும் முன் நான் மலைக்கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் பாவாவுக்குத் தண்ணீர். சிவப்பு வந்தால் நைனாவுக்கு. சந்நிதியில் நின்ற ஒரு அம்மாவை எடுத்துத் தரச் சொன்னேன். வெள்ளை வந்தது. மறுபடி மடித்து நீட்டினேன். மறுபடியும் வெள்ளை. "சாமி சொல்லிடுச்சி, இன்னும் இன்னாம்மா?" என்று அவர் சலித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் நானே எடுத்தேன். சிவப்பு வரும்வரை எடுத்தேன். கடைசியாக வந்ததுதானே சாமி சொன்னது.