ஒரு சீட்டுக்கு மட்டும்

நீங்க உக்காந்திருக்கற பக்கத்துப் பெல்ட்டு லூசாத்தான் சார் இருக்கும், இழுக்காதீங்க. கூட வர்றவனுக்கு அது போதும்னு நீங்கதானே சொன்னீங்க? மூடியில்லாத வண்டி, ரேஸ்ல கவுந்தா தலைக்கு ஆபத்து, அதனால ஓட்டறவன் தலைக்குப் பின்னால மட்டும் ரோல் பாரு வெய்யி, ரெண்டு சீட்டுக்கும் வெச்சா அழகு கெட்டுரும்னீங்க. அப்படியே வெச்சுட்டேன். கெட்டிப் பைப்பு, கீழ சேசிஸோட வெல்டிங். உருண்டாலும் எனக்கு ஒண்ணும் ஆவாது.

ஆமா, நான்தான் ஓட்டுவேன். ஓட்டிப் பாத்துத்தான் சாவி குடுக்கறது, அது நம்ம பட்டறை வழக்கம். உங்க வழக்கம் வேறயாமே? வேல செஞ்சவனையே மொத ஓட்டத்துக்குப் பக்கத்துல உக்கார வெப்பீங்களாம். வேல மோசம்னா அவனும் சாவட்டும்னு.

ஞாயித்துக்கெழம, கம்பெனியெல்லாம் லீவு. சிப்காட் ரோட்டுல ஒரு நாயக் காணோம் பாருங்க. ரவ வேகமா மிதிக்கலாம். அறுபதுதான் சார், டேஷ்போர்ட ஏன் புடிக்கறீங்க?

ரெண்டு வருசம் முன்னால உங்க செவப்பு வண்டிக்கும் இதே மாதிரி கிருஷ்ணகிரியில ஒருத்தன் வெச்சுக் குடுத்தான். கங்கப்பன்னு ஒரு வெல்டரு. பர்கூர் ரோட்டுல வண்டி மூணு உருளு உருண்டுச்சு. உங்களுக்கு மொழங்கையில செராய்ப்பு. அவனுக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணும் மிச்சமில்ல, தார் ரோட்டுலருந்து வழிச்சுத்தான் எடுத்தாங்க. அவன் போட்ட வெல்டிங் ஒரு இடத்துலயும் விடல.

என்னது? அவனே கேக்காம எடுத்துட்டுப் போனானா? நீங்க வண்டியிலயே இல்லியா? ஆமாமா, ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்தீங்க. திருட்டுப் பய, குடிச்சிருந்தான்னும் ஒரு வரி சேத்தீங்க. ஏன் சார், அவன் ஓட்டற சீட்டுல இருந்திருந்தா அவன் போட்ட பைப்பே அவனக் காப்பாத்தியிருக்குமே?

சாவியத் தொடாதீங்க. கைய ஒடச்சுருவேன்.

தொண்ணூறு. உக்காருங்க. இந்த வேகத்துல குதிச்சா நீங்களும் ரோட்டோட போயிருவீங்க.

நான் ஓசூர்ல பட்டறை போட்டதே உங்களுக்காகத்தான். பெங்களூர்லருந்து ரேஸ் வண்டிங்க எல்லாம் இந்தப் பக்கம்தானே வரும், நீங்களும் ஒரு நாளைக்கு வருவீங்கன்னு தெரியும். போர்டு எழுதறப்பவே தெரியும்.

அந்தக் கங்கப்பன் எப்படி சார் காரு ஓட்டுவான்? ரெண்டு வயசுல போலியோ வந்து வலது காலு சூம்பிப் போச்சு. ஆக்ஸிலேட்டரு இருக்கட்டும், சைக்கிள் பெடலே மிதிக்க முடியாது. தெனமும் நான்தான் கேரியர்ல உக்கார வெச்சுப் பட்டறையில கொண்டுபோய் விடுவேன். பத்து நாளு உங்க முன்னால நொண்டி நொண்டி வேல செஞ்சிருக்கான். நீ அவன் காலக்கூடப் பாக்கலியேடா. திருடன்னு எழுதிட்ட. எங்கம்மா இன்னும் தெருவுல தல நிமுந்து நடக்கறதில்ல.

என் தம்பி அவன்.

அழுவாத. அதோ கெலவரப்பள்ளி வளைவு வருது. உருண்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்.