பால் மறக்கடித்தல்

“அக்கா, இந்த மாடு என்னைப் பார்த்தா மட்டும் ஏன் முறைக்குது?”

“உன் சோப்பு வாசனை அதுக்குப் பிடிக்கல. மாத்திப் பாரு.”

“மாட்டுக்காக நான் சோப்பை மாத்தணுமா? நீங்க மாட்டை மாத்துங்களேன்.”

“அதெப்படி? இந்த வீட்டுக்கு உனக்கு முன்னாடி வந்தது அது. சீனியர்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சின்னவள் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், தொழுவத்தில் வைத்து நாங்கள் பேசியது இது. எங்களுக்குள் ஆரம்பத்திலிருந்தே பகை உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன். பகை ஒரு நாளும் இருந்ததில்லை. மறுநாளே அவள் சோப்பை மாற்றிவிட்டாள். சொன்னால் கேட்கிற பெண். அதனால்தான் எல்லாமே சுலபமாக இருந்தது.

எங்களுடையது ஒரே வீடு, ஒரே அடுப்பு. என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். கொழுந்தன் பால் வண்டி ஓட்டுகிறார். மாடு, ஆடு, கோழி, வீட்டுத் துணிமணி எல்லாம் என் பொறுப்பு. விடிந்ததும் சாணம் வழித்து, தொட்டி கழுவி, பால் கறந்து வண்டியில் ஏற்றுவேன். அப்புறம் ஆடுகளை வேலிப்பக்கம் கட்டிவிட்டுத் துவைக்க உட்கார்வேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை இந்த வீட்டில் யாரும் எனக்குக் குத்திக்காட்டியதில்லை. எந்த மாடு ஈன்றாலும் கன்றை வாங்கித் துடைப்பது என் கைதான். அந்த வகையில் எனக்குக் குறையே கிடையாது என்று நானே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சின்னவள் உண்டானபோது ஒரு குடம் தண்ணீர்கூட அவளைத் தூக்க விடவில்லை. கால் வீங்கினால் பிடித்துவிட்டேன். பெண் குழந்தை பிறந்தது. துடைத்து முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. எல்லாக் குழந்தையும் அப்படிப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. குட்டி என்று நான்தான் பெயர் வைத்தேன். இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

குளிப்பாட்டுவது நான், தூங்க வைப்பது நான். தோளில் போட்டுக்கொண்டு கோழிகளுக்குத் தீனி இறைத்தால், படபடவென்று அவை ஓடிவருவதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு கிடப்பாள். ஆனால் பசி வந்துவிட்டால் பெற்றவளிடம் கொடுத்துவிட வேண்டும். என் தோளில் அழத் தொடங்குவாள், நான் அறைக்குக் கொண்டுபோவேன், சின்னவள் கையை நீட்டுவாள், கதவு சாத்திக்கொள்ளும். வெளியே நிற்பேன். ஒரு நாளில் எத்தனை தடவை ஒரு குழந்தைக்குப் பசிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

குட்டியை எனக்குக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பல நாள் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டு, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு ஒரே வீட்டில் எப்படி முகத்தில் முழிப்பது? யாரையும் தர்மசங்கடப்படுத்துவது என் பழக்கமல்ல.

கன்றுக்குப் பால் மறக்கடிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பெரிய வித்தையில்லை. கற்றாழை மடலை அடியில் வெட்டிச் சாய்த்து வைத்தால் மஞ்சளாக ஒரு பால் சொட்டும். அதைத் தாயின் காம்பில் தடவுவோம். மணம் அதிகமில்லை, கசப்பு மட்டும் உயிர்போகும். கன்று ஓடிவந்து வாய்வைக்கும், உதறும், மறுபடி வைக்கும். இரண்டொரு நாளில் தாயைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடிப்பதில்லை, கட்டிப்போடுவதில்லை. தாய் கொஞ்ச நாள் கத்தும். பிறகு தானே தீவனத்தில் வாய்வைத்துவிடும். எங்கள் வீட்டில் இதைக் கொடுமை என்று யாரும் சொன்னதில்லை.

பால் கசிந்து சட்டை நனையாமலிருக்க சின்னவள் உள்ளே பருத்தித் துண்டுகளை மடித்து வைத்துக்கொள்வாள். அவற்றைத் துவைப்பதும் மடிப்பதும் நான். காய்ந்த துண்டில் அந்த மஞ்சள் பாலைத் துளித்துளியாகத் தடவி, நிழலில் உலர்த்தி, அவள் அலமாரியில் அடுக்கினேன். உடம்பின் ஈரம் பட்டதும் அது தானாக இளகிக்கொள்ளும். கறையைப் பார்த்து, பால் கறை போகவே மாட்டேன் என்கிறது என்று அவளே அலுத்துக்கொண்டாள்.

முதல் நாள் குட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பியபோது சின்னவள் சிரித்தாள்.

“மகாராணிக்கு இன்னிக்கு மூடு சரியில்லை போல, அக்கா.”

அடுத்தடுத்த நாள்களில் சிரிக்கவில்லை. ஒரு மத்தியானம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போட்டிருக்கவில்லை.

“இவளுக்கு என்னைப் பிடிக்கலையா, அக்கா?”

“பைத்தியம் மாதிரிப் பேசாதே. சில பிள்ளைங்க அப்படித்தான். கொடு இப்படி.”

கறுப்பாடு ஈன்றிருந்த சமயம். அதன் பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலந்து புட்டியில் கொடுத்தேன். குட்டி என் மடியில் கிடந்து கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவைச் சாத்த வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு வீட்டில் எல்லோருக்கும் எதன்மேலாவது சந்தேகம். சின்னவள் முதலில் சோப்பைச் சந்தேகப்பட்டாள். பிறகு பூண்டை, பிறகு கிணற்றுத் தண்ணீரை, ஒவ்வொன்றாக விட்டாள். ஒவ்வொரு தடவையும் மாரைக் கழுவிக்கொண்டு பால் கொடுத்துப் பார்க்கிறேன் என்றாள். அது எனக்குச் சரிப்படாது. பச்சைத்தண்ணீர் பட்டால் பால் கட்டிக்கொள்ளும், வெறுந்துணியால் துடைத்தால் போதும் என்றேன். கேட்டுக்கொண்டாள்.

கொழுந்தன் ஒருநாள் வண்டியைக் கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணி, இவ பிள்ளையை ஒழுங்காத்தான் பிடிச்சுக்கிறாளா? உங்ககிட்ட குடிக்கிறது, பெத்தவகிட்ட குடிக்கலைன்னா என்ன அர்த்தம்?”

“சின்னப் பொண்ணுதானே, தம்பி. விடுங்க. போகப் போகப் பழகிடுவா.”

யோசித்துத்தான் சொன்னேன். அவளைப் பற்றி ஒரு குறையும் அதில் இல்லை, நீங்களே பாருங்கள். ஆனால் அன்றிலிருந்து அவர் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் கணவர் மட்டும் ஒரு தடவை தொழுவத்துப் பின்னால் நின்று கற்றாழைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டையாகக் கிடந்தது.

“மறக்கடிக்கிற கன்னு ஒண்ணும் நம்மகிட்ட இல்லையே. எதுக்கு இவ்வளவு வெட்டுற?”

“தலைக்குத் தேய்க்க.”

அவர் என் தலையைப் பார்த்தார். அது காய்ந்து பரட்டையாகத்தான் இருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரும் சேர்ந்துதான் செய்தார் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். அவர் கேட்டது அவ்வளவுதான். திரும்பக் கேட்காமலிருந்தது அவர் குணம்.

மாடு போல இவளும் கொஞ்ச நாள் கத்திவிட்டுத் தீவனத்தில் வாய்வைப்பாள் என்று நினைத்தேன். அங்கேதான் என் கணக்குத் தப்பியது. சின்னவள் கத்தவே இல்லை. சாப்பாட்டைத் தள்ளினாள், தலை வாருவதை விட்டாள். மத்தியானங்களில் கிணற்றின் கட்டைச்சுவரில் போய் உட்கார ஆரம்பித்தாள். எங்கள் கிணற்றின்மேல் கோழி விழாமலிருக்க வலை போட்டிருக்கும். ஒருநாள் காலையில் அந்த வலையை நான் கழற்றினேன். அழுக்காக இருந்தது, அலச வேண்டியிருந்தது. அலசி வேலியில் விரித்தேன். காய்ந்த பிறகு மடித்து உள்ளே வைத்தேன். திரும்பப் போடவில்லை.

அன்று மத்தியானமும் அவள் போய் உட்கார்ந்தாள். காலை உள்பக்கமாகத் தொங்கப்போட்டிருந்தாள். நான் முற்றத்தில் கோழிகளுக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்று பயந்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அதை மாற்றிக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இல்லை. தீனி தீரும்வரை இறைத்தேன்.

குட்டிதான் அவளை இறக்கினாள். உள்ளே தொட்டிலில் ஒரு அழுகை. சாதாரண அழுகை இல்லை, பூனைக்குட்டி கத்துவது போல மெலிந்த சத்தம். எனக்கு முன்னால் சின்னவள் ஓடினாள். குழந்தைக்கு வயிறு பேதியாகித் துணியெல்லாம் நனைந்து கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. கற்றாழைப் பால் கன்றுக்கும் வயிற்றை இளக்கும், இரண்டு நாளில் நின்றுவிடும். குழந்தைக்கும் நின்றுவிடும் என்றுதான் இருந்தேன். சின்னவள் ஒவ்வொரு வேளையும் விடாமல் முயற்சி செய்து, கொஞ்சம் கொஞ்சமாக அது உள்ளே போய்க்கொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதும் முழு உண்மையில்லை.

கொழுந்தன் பால் வண்டியிலேயே இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வார்டில் சின்னவளுக்கு ஆஸ்பத்திரி அங்கி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் நெஞ்சோடு சேர்த்ததும் குட்டி குடித்தாள். வற்றிப்போன மாரில் இருந்த கொஞ்சத்தை விடாமல் இழுத்துக் குடித்தாள். சின்னவள் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்களாம். எனக்கு அப்போது இது தெரியாது. வீட்டிலிருந்து மாற்றுத் துணி கட்டிக்கொண்டு வந்தேன். எப்போதும் போல அலமாரியில் இருந்த பருத்தித் துண்டுகளையும் சேர்த்து வைத்தேன். கைப்பழக்கத்தில் வைத்ததுதான். மறுநாள் குட்டி மறுபடி முகத்தைத் திருப்பியதும், வார்டில் இருந்த குள்ள நர்ஸம்மா துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பையை மடித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. துணியில் தடவியது நான். வலையைக் கழற்றியது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

சின்னவள் “ஏன் அக்கா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வந்திருப்பதாகச் சொன்னீர்கள். வரட்டும். கதவருகிலேயே நிற்க வேண்டாம், உட்காரச் சொல்லுங்கள், பச்சை உடம்பு. குட்டியையும் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். முகம் தெளிந்திருக்கிறது, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. என் கையில் வளர்ந்த பிள்ளை, அப்படித்தான் சீக்கிரம் தேறும்.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அது என் தப்பு என்று இப்போது புரிகிறது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. அதனால் உங்கள் முன்னாலேயே கேட்டுவிடுகிறேன்.

“சின்னவளே, குட்டியை எனக்குக் கொடுத்துடும்மா. உனக்கு வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம். நான் கேட்டு நீ இல்லேன்னு சொல்ல மாட்டே.”