பக்கத்து சீட்

இரவு ஒன்றே முக்கால் மணி. புறவழிச் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... தெருவிளக்கில் பாதி எரியவில்லை. ஒரே ஒரு லாரி முக்கி முனகிக்கொண்டு வருகிறது. அதன் முதுகில், சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு சிவப்புக் கார்.

டேய், அந்தப் போன் வெளிச்சத்தை அணை. கரண்ட் போனால் என்ன இப்போது? ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் இருட்டுக்குப் பயந்தால் ஊர் சிரிக்கும். அழைப்பு வந்தால் போகப் போகிறோம், அதுவரை வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அதற்குள் ஏன் எல்லோரும் ஒரே பெஞ்சில் வந்து ஒட்டிக்கொள்கிறீர்கள்? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

முன்பு நம்மோடு இங்கே வண்டி ஓட்டினானே சுருட்டை, அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இதை என்னிடம் சொல்லும்போது சுருட்டை அழுதான். அதற்கு முன் அவன் அழுது நான் பார்த்ததில்லை, அதனால் நம்புகிறேன். நம்பாதவன் எழுந்து போய்த் தூங்கலாம்.

லாரியில் வந்தது பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டு பேர் மட்டும் உட்காரலாம். தாழ்வான உடம்பு, நீண்ட மூக்கு. பட்டனை அழுத்தினால் முன்விளக்குகள் மூடியைத் திறந்துகொண்டு எழும்ப வேண்டும். ஒன்றுதான் எழும்பும். தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி இருக்கும். சிவப்பு என்றேனே, அது பேருக்குத்தான். வெயிலில் வெளுத்துப் போய், கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது.

இன்னொன்று. உள்ளே ஒரே ஒரு சீட்தான். பக்கத்தில் வெறும் தரை... நாலு போல்ட் ஓட்டை.

விற்றவரிடம் கேட்டதற்கு, "வெயிட் குறைஞ்சா வண்டி பறக்கும் சார், அதான் கழட்டிப் போட்டேன்" என்றாராம். வேகப் பைத்தியங்கள் அப்படிச் செய்வது உண்டுதான். வாத்தியாரும் சரி என்று தலையை ஆட்டிவிட்டார்.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். சொன்னவன் பழைய கார் வாங்கியிருக்க மாட்டான். வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பான். வாத்தியாருக்கு மூன்று வருஷம் அதே வேலை. பள்ளிக்கூடம் விட்டால் ஷெட், ஷெட்டை விட்டால் பள்ளிக்கூடம். பாலிஷ் மிஷினைப் பிடித்து ஒரு கை அகலம் தேய்ப்பார். விளக்கைச் சாய்த்துப் பார்ப்பார். வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். மறுபடி தேய்ப்பார். ஒரு நாள் கதவு ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக மிஷினை வைத்துவிட்டார். பெயின்ட் போய், அடியிலிருந்த சாம்பல் நிறம் பல்லிளித்தது. அன்று ராத்திரி மனுஷன் சாப்பிடவில்லை.

விளக்கைச் சரி பண்ணினால் கண்ணாடி ஏறாது. கண்ணாடியைச் சரி பண்ணினால் ஹாரன் தானாக அலறும். துருப்பிடித்த போல்ட்டைத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இதில் வீட்டுச் சாமான் எல்லாம் ஒவ்வொன்றாக ஷெட்டுக்குக் குடிபோய்விட்டது. குளிக்கிற துண்டு கார் துடைக்க. பல் தேய்க்கிற பிரஷ் ஏசி ஓட்டைக்கு. அக்காவின் ஹேர் டிரையர் ஸ்டிக்கர் உரிக்க.

அக்கா மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா, ஷெட்டுல. குளிப்பாட்டுறது, துடைக்கிறது, கிரீம் பூசுறது எல்லாம் அவளுக்குத்தான். எனக்கு முகம் துடைக்க ஒரு துண்டு கிடையாது."

"முதல் சவாரி உனக்குத்தானே? பக்கத்துல உட்கார வச்சு ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன் பாரு" என்று இவர் சமாதானம் சொல்வார். மூன்று வருஷமும் இதையேதான் சொன்னார்.

அப்புறம் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் ஷெட் வாசலில் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை. என்னைப் பக்கத்துல உட்கார வச்சு ஒரு சுத்து சுத்திட்டு வரணும். முடியலன்னா நான் தம்பி வீட்டுக்குப் போயிடுறேன். இந்தத் தடவை திரும்பி வரமாட்டேங்க."

கத்தியிருந்தால் இவர் கண்டுகொண்டிருக்க மாட்டார். மெதுவாகச் சொன்னதால் பயம் வந்துவிட்டது. கார் இல்லாமல் இருந்துவிடுவார், அவள் இல்லாமல் இவரால் ஒரு நாள் இருக்க முடியாது. அதை வாயைத் திறந்து அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை... சீட் தேடப் போய்விட்டார்.

ஆர்டர் பண்ணினால் பக்கம் மாறி வந்தது. திருப்பி அனுப்பினால் கம்பி வளைந்து வந்தது. கடைசியில் பழைய இரும்புக் கடையில் ஒரு வெறும் சட்டம் கிடைத்தது. அதற்குப் புது ஸ்பாஞ்ச் வைத்து, புது லெதர் தைத்து வாங்கினார். நன்றாகக் கவனியுங்கள், எல்லாமே புதுசு. கெடுவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நாலு போல்ட்டையும் முறுக்கி உட்கார வைத்தார். எட்டி நின்று பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கார் முழுசாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தார். சீட் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மழை இல்லை. ஷெட் கூரையில் ஓட்டை இல்லை. பழைய கார் ஒழுகுவது உலக வழக்கம்தான், ஆனால் ஒழுகுவதற்குத் தண்ணீர் வேண்டுமே? வாத்தியார் நேராக அடுப்படிக்குப் போய், "சீட்ல தண்ணி ஊத்துனியா?" என்று கேட்டார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் ஊத்தணும்னா உங்க தலையிலதான் ஊத்துவேன்."

ஹேர் டிரையர் போட்டுக் காயவைத்தார். மறுநாளும் ஈரம். கதவு ரப்பரை மாற்றினார். ஈரம். முன் கண்ணாடியைச் சுற்றிப் பசை வைத்தார். ஈரம். ஹீட்டர் குழாயைக் கழற்றிக் கட்டியே போட்டார்... ஈரம். தலைகீழாக நின்று பார்த்துவிட்டார், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பிடிபடவில்லை. ஹேர் டிரையர் புகைந்து செத்துப் போனது. கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தார், அது திரும்பி வந்து அவர் முழங்காலிலேயே பட்டது. சிரிக்காதே, அந்த மனுஷன் அப்போது அழுகிற நிலைமையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறது, அவள் பையை எடுத்துக் கட்டில் மேலேயே வைத்துவிட்டாள்.

ஒழுகல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முகத்துக்குப் போடுகிற பவுடரை ரப்பர் ஓரமெல்லாம் தூவி வைத்தால், தண்ணீர் வந்த தடம் பவுடரில் கோடாகத் தெரியும். வாத்தியார் கதவு, கண்ணாடி, கூரை ஓரம், தரை என்று ஒரு இடம் விடாமல் தூவினார். ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் பவுடர் தூவினது தூவினபடியே இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. சீட் நனைந்திருந்தது.

அன்றைக்குத்தான் ஈரத்தைச் சரியாகப் பார்த்தார். அது பரவிக் கிடக்கவில்லை. சாய்மானத்தில், முதுகு அகலத்துக்கு. கீழே, தொடை அகலத்துக்கு ரெண்டு பட்டை. தரைப் பவுடரில் நடந்து வந்த தடம் ஏதும் இல்லை... ஆனால் சீட்டுக்கு முன்னால் ரெண்டு இடத்தில் மட்டும் பவுடர் குழைந்து கிடந்தது. குதிகால் அளவுக்கு.

சீட் பெல்ட் மாட்டியிருந்தது. அவர் மாட்டவில்லை. பட்டனை அழுத்தினார். பெல்ட் எப்போதும் சடக்கென்று உள்ளே ஓடும். அன்று ஓடவில்லை. மெதுவாக... எதையோ சுற்றிக்கொண்டு, உரசிக்கொண்டு போனது. கூடவே வாடை. குளத்து அடிச் சேறு, பாசி, வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்.

காரை விற்றவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம்தான் எடுத்தார். வாத்தியார் ஒழுகலைப் பற்றி ஆரம்பித்ததுமே அந்த ஆள் குறுக்கே கேட்டார். "பக்கத்து சீட் போட்டுட்டீங்களா?"

"ஆமா."

"கழட்டிடுங்க சார்" என்றார். போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த எண்ணில் யாரும் எடுக்கவே இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? வாயில் பூட்டா போட்டிருந்தது?

வாத்தியார் ஸ்பேனரோடு ஷெட்டுக்குப் போனார். கழற்றத்தான் போனார். ஆனால் கழற்றினால் நாளைக்கு அவள் எங்கே உட்காருவாள்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, மூன்று வருஷ உழைப்பும் கூடவே அவளும் போய்விடுவாள். ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றார். ஷெட் கதவு திறந்திருந்தது, நல்ல வெளிச்சம், பட்டப்பகல். அப்போது... புது லெதரில் ஆள் உட்கார்ந்தால் ஒரு சத்தம் வருமே, காற்று இறங்குகிற மாதிரி... முஸ்ஸ்ஸ்... அது கேட்டது. வண்டி அந்தப் பக்கம் ஒரு விரல்கடை இறங்கியது.

நாமாக இருந்தால் ஓடியிருப்போம். அவர் ஓடவில்லை. அத்தனை நாள் எரிச்சலும் மண்டைக்கு ஏறிவிட்டது. காரின் கூரையில் ஓங்கி ஒரு அறை அறைந்தார்.

"யாரா இருந்தாலும் இறங்கித் தொலை! நாளைக்கு என் பொண்டாட்டி உட்காரணும். அவளுக்கு இடம் விடு!"

சுருட்டை இதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை சீட் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை, வாடை இல்லை. வாத்தியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டார். அவளும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். கையால் சீட்டைத் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க, சூடா இருக்கு... இப்பத்தான் யாரோ எழுந்து போன மாதிரி."

"வெயில்" என்றார். ஷெட்டில் ஜன்னல் கிடையாது.

அப்புறம் போனார்கள். எஞ்சின் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. ரெண்டு விளக்கும் எழும்பின. அக்கா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தாளாம். "பரவாயில்லையே, என் சக்களத்தி நல்லாத்தான் ஓடுறா!" என்றாளாம். கட்டில் மேலிருக்கும் பையைப் போனதும் பிரித்துவிடுகிறேன் என்றாளாம். மூன்று வருஷத்துக்கப்புறம் அவர்கள் அன்று சந்தோஷமாக இருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் அவள் பேச்சு நின்றது. நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பு என்று இவர் நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் இறங்கி, நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஷெட்டுக்குப் போனார். சீட் காய்ந்திருந்தது. தொல்லை விட்டது என்று விசிலடித்துக்கொண்டே அதை அவளிடம் சொல்ல ஓடினார்.

அவள் கண்ணை விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவள் படுத்த பக்கம் மட்டும் மெத்தை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அறை முழுக்கப் பாசி வாடை.

அவரைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். "எப்ப நம்ம வீட்டுக்குப் போவோம்?" என்றாள்.

வாத்தியார் சுருட்டைக்குப் போன் பண்ணினார். "உங்கக்கா சரியில்ல, வா" என்று மட்டும் சொன்னார். இவன் போய் மணியை அடித்தான். அக்காதான் கதவைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து அவனை 'வாடா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அன்று அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். அவள் நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்தது.

சுருட்டை அங்கே நிற்கவில்லை. வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனான். எல்லாம் அந்தச் சீட் வந்த பிறகுதானே, அதைப் பிடுங்கி எரித்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தான். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். வாத்தியார் டார்ச் பிடித்தார். இவன் தரையில் மண்டிபோட்டு முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான்.

வீட்டுக்குள்ளே அக்கா நடமாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாத்திரம் உருட்டுகிற சத்தம்.

அப்போது அவன் தலைக்கு மேலே, அந்தக் காலி சீட்டிலிருந்து, அக்காவின் குரல்.

"கழட்டாதடா தம்பி... அப்புறம் நான் எங்கடா உட்காருவேன்?"