நரை விழுந்த படம்

உச்சி வெயில். மணி ஒன்று இருக்கும். பகலில் ஏதுடா பேய் என்று சிரிக்காதீர்கள்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

மூடிப்போன குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால் ஒரு சாலை. லாரிகள் நின்றதிலிருந்து அந்தப் பக்கம் நாய்கூடப் போகாது. இளகிய தாரில் செருப்பு ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும். சப்... சப்...

அங்கே நின்றவள் என் நண்பனின் அக்கா. கைபேசியில் பழகிய ஒருவனைப் பார்க்க வந்திருந்தாள். தனியாக விடமாட்டேன் என்று நண்பனும் கூடவே வந்திருந்தான்.

அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர் காதுக்குத் தக்கபடி கண்ணாடிக் காம்பைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பாள். புருஷன் செத்துச் சில வருஷம். இன்னொரு துணை வேண்டாமா என்று தம்பிதான் வரன் தேடும் செயலியைப் போட்டுக் கொடுத்தான். கூடவே பாடமும் நடத்தினான்.

“படத்த நெட்ல தேடிப் பாரு. காசு கேட்டா அப்பவே வெட்டி விடு. நேர்ல பாக்குற வரைக்கும் எவனும் மனுஷனே இல்லன்னு நெனச்சுக்கோக்கா.”

“மாப்பிள்ளை பாக்கச் சொல்றியா, திருடன் புடிக்கச் சொல்றியாடா?”

அந்த வாரமே செயலியில் அவள் புருஷன் முகம் வந்தது. வேறு பெயர். கப்பலில் என்ஜினியராம்.

தம்பி கொதித்தான். “எவனோ மாமா படத்தைத் திருடியிருக்கான். புகார் கொடு, ஒரே நாள்ல அழிச்சிருவாங்க.”

“அழிச்சிருவாங்களா?”

அவ்வளவுதான் கேட்டாள். புகார் கொடுக்கவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை அந்த முகத்தைத் துணிபோட்டு மூடியவள்.

ஏமாற்றுக்காரன் என்று தெரிந்தேதான் அவனுக்குப் பதில் எழுதினாள். கண்ணே, சாப்பிட்டாயா என்பான் அவன். புருஷன் ஒருநாளும் கண்ணே என்றதில்லை, ‘ஏய்’தான். அந்தக் கொஞ்சல் அவளுக்கு எதற்கு? “ஒரு படம் அனுப்புங்க” என்பாள். வருவதெல்லாம் அவளே எடுத்த பழைய படங்கள்.

ஒருநாள்... புதிதாக ஒன்று வந்தது.

காதோரம் நரை. கன்னம் சற்று வற்றியிருந்தது. இருந்திருந்தால் இப்போது எப்படி இருப்பாரோ, அப்படி.

“இப்பல்லாம் கம்ப்யூட்டரே இப்படி வரைஞ்சு தருதுக்கா” என்றான் தம்பி.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். புருஷனுக்கு இடது காது ஒரு நூல் இறக்கம். அதற்காக அந்தக் காம்பின் நுனியை அவள் இரண்டு மடிப்பாக வளைப்பாள். படத்தில் இருந்தது போன மாதம்தான் கடைக்கு வந்த புது ரகக் கண்ணாடி. இடது காம்பில்... அவள் மடிப்பு.

கீழே ஒரு வரி. ‘ஏய், கிடங்குக்குப் பின்னாடி வா. மத்தியானம் வா.’ அவர் கடைசிவரை வேலை பார்த்த கிடங்கு அது.

வந்தான் ஒருவன். ஒல்லியான ஆள், கழுத்தில் அலுவலக அட்டை. வேறு முகம். தம்பி பாய்ந்து சட்டையைப் பிடித்தான். அடிவாங்கத் தயாராகவே நின்றான் அவன்.

“அந்தப் படத்த வச்சு ஏமாத்துனது நாந்தாங்க. பழைய படம்தான் எங்கிட்ட இருந்துச்சு. நரைச்ச படம் நான் அனுப்பல. கணக்கையே போன மாசம் அழிச்சிட்டேன்.”

“அப்புறம் இங்க எதுக்குடா வந்த?”

கைபேசியை நீட்டினான். அவன் அழித்த கணக்கிலிருந்து அவனுக்கே வந்த செய்தி.

‘மத்தியானம் கிடங்குக்குப் பின்னாடி அவ வந்து நிப்பா. இத்தனை நாள் பேசினது நான் இல்லன்னு நீயே சொல்லிடு. எனக்கு மனசு வரல.’

தம்பியின் பிடி தானாக விட்டது. என்றைக்கோ இயந்திரம் நின்ற கிடங்கின் கதவிடுக்கிலிருந்து சில்லென்று காற்று. குளிரூட்டுகிற அம்மோனியா வாடை. அந்த வெயிலில்...

அக்கா அழவில்லை. அந்த ஆளிடம் மெதுவாகக் கேட்டாள்.

“நீங்களாச்சும் பேசுங்க. பொய்யாவே பேசுங்க. அவர் படத்த மட்டும் எடுத்துடாதீங்க.”

அவன் பின்வாங்கிப் பின்வாங்கி, ஓடியே போனான்.

அக்காவின் கைபேசியில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது. ‘எழுதுகிறார்...’ என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு சொல்லும் வரவில்லை. ராத்திரியும் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாளாம்.

நேற்று அவள் தூங்கியபிறகு தம்பி அதை எடுத்துப் பார்த்திருக்கிறான். திரை மூச்சுப் பட்டதுபோல் பனித்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தான். போகவில்லை. பனிப்பு உள்பக்கம்.

அவன் பார்க்கப் பார்க்க மெல்ல வடிந்தது... மறுபடி படர்ந்தது.