பெட்ரோல் மூடிக்குள்ளே ஒரு மஞ்சள் புள்ளி

— புள்ளி வச்ச வண்டியா? அது எங்கம்மா கிடைக்குது? அதுக்கெல்லாம் கொடுப்பினை வேணும்.

— பெட்ரோல் பங்க்ல இருக்கிற பொண்ணு உங்க ஷெட்டத்தான் கைகாட்டுச்சு, அண்ணே. போன வாரம் சாம்பல் கலர்ல ஒரு வண்டி வந்துச்சாம். மூடியத் திறந்தா உள்ள மஞ்சளா ஒரு புள்ளி. ஓட்டிட்டு வந்தது மெக்கானிக் அண்ணன்தான்னு அடிச்சுச் சொல்லுது.

— அந்தப் பொண்ணுக்குக் கண்ணும் கூர்மை, வாயும் நீளம். சரி, நீங்க என்ன, புரோக்கரா?

— பாத்தா அப்படியா இருக்கு?

— தோள்ல பை, கால்ல கான்வாஸ் ஷூ. உள்ள வந்ததுல இருந்து நிக்கிற வண்டி ஒவ்வொன்னையும் கண்ணாலேயே கழட்டி மாட்டிட்டு இருக்கீங்க. புரோக்கர் இல்லன்னா இன்சூரன்ஸ்.

— ரெண்டும் இல்ல. அந்த ஒரு வண்டியப் பாக்கணும். பத்து நிமிஷம் போதும்.

— பாக்கணும்னு வர்றவங்க எல்லாம் வாங்கத்தான் வர்றாங்க. உட்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் நொண்டி. இந்த டயர் மேல உட்காருங்க. ஒன்னு மட்டும் சொல்லுங்க, புள்ளி சமாச்சாரம் உங்களுக்கு எப்படித் தெரியும்? அத நான்ல கண்டுபிடிச்சேன்?

— நீங்களா? என்ன கண்டுபிடிச்சீங்க? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கணும்.

— இந்தக் கம்பெனி வண்டிதாம்மா பதினோரு வருஷமா எனக்குச் சோறு போடுது. நம்ம நாட்டு வண்டி, நம்ம ஆளுங்க செஞ்சது. குறை சொல்ல மனசு வரல. ஆனா வாங்கி ஆறு மாசத்துல கதவு தடதடங்கும். கண்ணாடி பாதி ஏறி, மீதிக்கு வர மாட்டேன்னு அடம் பிடிக்கும். மழை வந்தா வண்டிக்குள்ள குடை பிடிக்கணும். ஆயிரம் வண்டிக்கு மேல அடியில படுத்து எந்திரிச்சிருக்கேன். எழுதி வச்சுக்குங்க, ஆயிரத்துலயும் ஏதாவது ஒரு நோக்காடு.

— சரி. புள்ளி வண்டி?

— அது வேற ஜாதி. கதவச் சாத்தினா பெட்டகம் சாத்தின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மழையில நனையாது, வெயில்ல முனகாது. ஆயில் மாத்த மட்டும்தான் என்கிட்ட வந்திருக்கு. முதல் வண்டில புள்ளியப் பாத்தேன், சரி பெயின்ட் தெறிச்சிருக்குன்னு விட்டுட்டேன். ரெண்டாவதுலயும் அதே இடம், அதே அளவு. மூணாவது வந்தப்ப எனக்குப் பொறி தட்டிருச்சு.

— ஆக எத்தனை வண்டி பாத்தீங்க?

— மூணு.

— மூணே மூணு பாத்துட்டா இந்த முடிவுக்கு வந்தீங்க?

— மூணு போதாதா? நீங்க என்ன, பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி கேக்குறீங்க. நான் சொன்னத நம்பி இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லாரும் மூடியத் திறந்து பாத்துட்டுத்தான் பழைய வண்டி வாங்குறாங்க, தெரியுமா?

— தெரியும். போன மாசம் ஒரு வண்டில பாத்தேன். நகப்பூச்சுல வச்ச புள்ளி.

— பாத்தீங்களா, போலி கூட வந்தாச்சு. அப்ப அசலுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கணும்!

— யாரு வச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?

— அதைத்தாம்மா நான் ஆறு வருஷமா யோசிச்சிட்டு இருக்கேன். என் கணக்கு என்னன்னா, அந்த ஃபேக்டரிக்குள்ள ஒரு மகராசன் இருந்திருக்கான். நல்ல வேலைக்காரன். கையில வர்றதெல்லாம் குப்பை. எப்பவாவது ஒன்னு மனசுக்குப் பிடிச்சாப்ல அமையும். அதுக்கு மட்டும் ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சு அனுப்பியிருக்கான். அவன ஒரு நாள் பாத்தேன்னா இந்த கிரீஸ் கையோட கட்டிப் பிடிச்சுக்குவேன்.

— வேணாம், அண்ணே. சேலை பாழாயிடும்.

— என்னது?

— மகராசன் இல்ல. நான்தான் வச்சேன்.

— விளையாடாதீங்க.

— லைன் முடியிற இடத்துல கடைசி செக்கிங்ல இருந்தேன். பதினாலு வருஷம். நான் கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி கேட்டத் தாண்டும். பெயின்ட் ஷாப்ல ஒரு சின்ன டப்பா வாங்கி வச்சிருந்தேன். தீக்குச்சி முனையில தொட்டு வைப்பேன். புள்ளி நடுவுல ஒரு சின்னக் குழி இருக்குமே, பாத்தீங்களா? அது குச்சியோட தடம்.

— ஐயோ. ஆமா. குழி இருக்கு. அம்மா, தாயே, நீங்களா? இருங்க, இருங்க, முதல்ல டீ சொல்றேன். அப்ப நான் நினைச்சது சரிதான? நல்ல வண்டின்னுதான வச்சீங்க?

— டீ அப்புறம் குடிக்கலாம். குழி இருக்குன்னு இவ்வளவு சட்டுன்னு சொல்றீங்க. அந்த வண்டி இங்கதான இருக்கு?

— இனிமே உங்ககிட்ட என்ன மறைக்கிறது. பின்னால தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். ஆனா விக்கிறதுக்கு இல்ல. என் பொண்ணுக்கு வாங்கினது. அவ, கப்பல்ல வர்ற வண்டிதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. நம்ம வண்டிய யாருப்பா நம்புறதுன்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டா. மெக்கானிக்கோட மக, அவளே இப்படிக் கேட்டா எனக்கு எப்படி இருக்கும்? பொறு, உனக்கு நான் புள்ளி வண்டி பிடிச்சுத் தர்றேன்னு வீம்புக்குச் சொல்லிட்டேன். ரெண்டு வருஷம் தேடி, ஒரு வீட்டுல ஓடாமலேயே நின்னதப் பிடிச்சேம்மா.

— ஓட்டிட்டுப் போயிட்டாளா?

— இன்னும் இல்ல. நாலு மணிக்கு வர்றா. புள்ளைங்களுக்கு லீவு. மாமியாரையும் ஏத்திக்கிட்டு அஞ்சு பேரா மலைக்குப் போறாங்க. நாலு நாள் இருந்துட்டு வருவாங்க.

— மலைக்கா?

— ஏன், ஏறாதா? இழுவை நல்லாத்தான இருக்கு.

— ஏறிடும். திரும்பி இறங்கணுமே.

— என்ன சொல்றீங்க? முகம் ஏன் இப்படி ஆயிருச்சு?

— அண்ணே, இத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் அந்த கேட்டுக்கு வெளிய வந்தேன். இருந்தாலும் சொல்றேன். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. பேப்பர்காரங்க நம்ம வண்டிய ஒரு சமயம் கிழிகிழின்னு கிழிச்சாங்க, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? தகர டப்பான்னு எழுதினாங்க.

— அப்ப மேலிடத்துல ஒரு யோசனை பண்ணாங்க. அறுபத்திரண்டு வண்டிய மட்டும் தனியா கவனிச்சுச் செய்யணும், அத வெளிய விட்டு, போன பேர மீட்கணும். ஒரு கதவுக்கு மூணு பேர். சாத்துவாங்க, திறப்பாங்க, காது வச்சுக் கேப்பாங்க, திரும்பச் சாத்துவாங்க. குழாய்ல தண்ணி அடிச்சுட்டு, உள்ள வெள்ளைத் துணியால ஒத்தி எடுத்துப் பாப்பாங்க. கண்ணுக்குத் தெரியறது, காதுக்குக் கேக்கறது எல்லாம் பிரமாதம்.

— அதான்! அதான் ஒரு சத்தம் கிடையாது.

— அடியில மட்டும் யாரும் குனியல. அது வேற ஆளுங்க பாக்குற வேலை, அந்தத் தடவைதான் நான் முதல் முறையாக் குனிஞ்சேன். பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக் பைப் போகுதுல்ல, அத ஒரு கிளிப் பிடிச்சு நிறுத்தணும்னு வரைபடத்துல இருக்கு. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அறுபத்திரண்டு வண்டிலயும் அது இல்ல.

— இல்லன்னா பைப் ஆடும்.

— ஆடும். பக்கத்துத் தகட்டு விளிம்புல உரசும். சத்தம் வராது, உடனே ஒழுகவும் ஒழுகாது. அஞ்சாறு வருஷம் பெட்டகம் மாதிரி ஓடும். தேஞ்சு தேஞ்சு ஒரு நாள் அழுத்தி மிதிக்கும்போது பெடல் தரை வரைக்கும் போயிடும். இறக்கத்துலதான் அழுத்தி மிதிப்போம்.

— அப்ப அந்தப் புள்ளி...

— கிளிப் மாட்டலன்னு அடையாளம். நல்ல வண்டின்னு இல்ல. மேனேஜர்கிட்ட போய் நின்னேன். கிளிப் செஞ்சு தர்ற பட்டறைய மூடிட்டாங்க, வேற இடத்துல சொல்லியிருக்கு, ரெண்டு வாரத்துல வந்துரும், இப்ப விட்டுட்டு அப்புறம் கூப்பிட்டு மாட்டிக்கலாம்னாரு. நானும் கையெழுத்துப் போட்டேன். அறுபத்திரண்டு கையெழுத்து. அப்புறமா கூப்பிடும்போது எது எதுன்னு தெரியணுமேன்னு புள்ளி வச்சேன்.

— கூப்பிட்டாங்களா?

— அடுத்த வாரமே என்னைச் சீட் தைக்கிற பக்கம் தூக்கிப் போட்டாங்க. நான் விடாம போய்க் கேட்டேன். கிளிப் வந்துருச்சும்மா, இப்ப எல்லா வண்டிலயும் மாட்டித்தான் போகுது, அந்த அறுபத்திரண்டையும் கூப்பிட்டுருவோம், நீங்க சீட்டப் பாருங்கன்னாரு. நம்பிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஃபேக்டரியே மூடியாச்சு, அதுவரைக்கும் ஒன்னையும் கூப்பிடல. நாங்க கதவு மாட்டின இடத்துல இப்ப கப்பல்ல வந்த வண்டிய இறக்கி அடுக்கி வச்சிருக்காங்க.

— அடப்பாவிகளா. நான் அந்த வண்டியத் தேடித் தேடிப் புடிச்சு, என் புள்ளைக்கு... நாலு மணிக்கு வந்துருவாம்மா அவ.

— அதுக்கு இன்னும் நேரம் இருக்கு, அண்ணே. பதறாதீங்க. நான் வந்துட்டேன்ல. அந்தத் தார்ப்பாய எடுங்க. ஜாக்கி எங்க?

— இதோ. நீங்க எத்தனை வண்டி இப்படிப் புடிச்சீங்க?

— ஐம்பத்தெட்டு. இது ஐம்பத்தொன்பது. பங்க்காரங்களத்தான் கேப்பேன், அவங்கதான மூடியத் திறக்கிறாங்க. அதுல ரெண்டு வண்டிக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள நடக்கக் கூடாதது நடந்துருச்சு. ஒன்னுல ஓட்டினவருக்குக் கால் போயிருச்சு. அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். மணியடிக்கத் தைரியம் வரல, திரும்பிட்டேன்.

— மத்த வண்டியெல்லாம்? ரோட்டுல மூணுக்கு ஒன்னு உங்க வண்டிதான ஓடுது.

— புள்ளி இல்லாத வண்டியப் பத்திக் கவலை இல்ல. அதுல கதவுதான் தடதடக்கும், உயிருக்கு ஒன்னும் ஆகாது. ஸ்டாண்டு நல்லா முட்டுக் குடுத்திருக்கா?

— குடுத்தாச்சு. இந்த அட்டைய விரிச்சுக்குங்க, தரை எல்லாம் ஆயில். நானே உள்ள போறேனே?

— இல்ல, நான்தான் பாக்கணும். போன் லைட்ட இப்படிப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். அண்ணே...

— என்னம்மா? தேஞ்சிருக்கா? சொல்லுங்க, எதுவா இருந்தாலும் சொல்லிருங்க.

— பைப்பச் சுத்தி என்ன இது, கருப்பா?

— அதுவா? பழைய சைக்கிள் டியூப். நான்தான் ஒரு துண்டு வெட்டிச் சுத்தி, கம்பி போட்டு முறுக்கி விட்டேன். வண்டிய வாங்கின அன்னிக்கே. இருந்த பதட்டத்துல அது ஞாபகமே வரல. பைப்பு சும்மா தொங்கிட்டு ஆடிச்சு. ஆடுறதப் பாத்தா என் கை சும்மா இருக்காது.

— யாரும் சொல்லாமலேயா?

— இதுக்கெல்லாம் யாரும்மா சொல்லணும்? ரெண்டு நிமிஷ வேலை. பில்லுல கூடப் போட மாட்டேன்.

— அண்ணே, கீறல் கூட இல்ல. புதுசாட்டம் இருக்கு பைப். ஐம்பத்தெட்டு வண்டி பாத்தேன், ஒன்னுல கூட இப்படி ஒரு கை பட்டதில்ல. உங்க பொண்ணு மலைக்குப் போகட்டும். தாராளமாப் போகட்டும்.

— அழாதீங்கம்மா. கன்னத்துல வேற கிரீஸ் அப்பியிருக்கு. அப்பாடா, எனக்கு இப்பத்தான் மூச்சே வருது. ஆமா, இதுக்கு முன்னால வந்த அந்த மூணு புள்ளி வண்டிக்கும் இதத்தான் செஞ்சேன். அப்ப அவங்களும் தப்பிச்சாங்கன்னு சொல்லுங்க.

— மூணுமா? அப்படின்னா என் கணக்கே தீர்ந்துருச்சு, அண்ணே. இன்னும் மூணுதான் பாக்கி இருந்துச்சு. ரெண்டு வருஷமா நிம்மதியா ஒரு வேளை சாப்பிட்டதில்ல. இன்னிக்கு வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிடுவேன். உங்க கையக் குடுங்க, கிரீஸ் இருந்தாப் பரவாயில்ல.

— வெளிய வாங்க முதல்ல, தலை இடிக்கப் போகுது.

— இருங்க. ரப்பர் என்னிக்காவது இத்துப் போகும். வந்ததுக்கு முறையா ஒன்னு மாட்டிடறேன். லேத் பட்டறையில குடுத்து அறுபத்திரண்டும் அசல் அளவுலயே செஞ்சு வாங்கியிருக்கேன். என் பையில ஒரு பேப்பர்ப் பொட்டலம் இருக்கும், எடுங்க.

— இதா? இந்த வளைஞ்ச தகடா?

— அதேதான். ஏன் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? உங்களுக்குத் தெரியாததா, ஆயிரம் வண்டிக்கு மேல அடியில படுத்தவர் நீங்க.

— படுத்திருக்கேம்மா. ஆயிரத்துக்கும் டியூப் வெட்டித்தான் சுத்தி விட்டிருக்கேன். இந்தத் தகட்ட இன்னிக்குத்தான் முதல் தடவையாப் பாக்குறேன்.