தவிட்டில் இரண்டு சொட்டு

12 பிப்ரவரி 2025, புதன். இன்றைய தவறு: தவிட்டில் இரண்டு சொட்டு கூடுதலாக விட்டுவிட்டேன்.

நாட்குறிப்பைத் தவறில் தொடங்கி மறுநாள் வேலையில் முடிக்கச் சொன்னவர் பாலக்கரை மாலை வகுப்பு பேட்ரிசியா டீச்சர். இது தவறுதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

எடமலைப்பட்டி புதூருக்கு அப்பால் தைரியராஜ் ஐயாவின் பன்றிப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். ஒரே கொட்டகையில், தடுப்பில்லாமல், நாற்பது பன்றிகள். புதியவற்றைச் சேர்க்கும் அன்று எல்லாவற்றின் மேலும் வேப்பெண்ணெய் கலந்த தண்ணீர் தெளிப்பேன். எல்லாம் ஒரே வாசனை என்றால் புதுசு எது என்று தெரியாது, சண்டை குறையும். பன்றிக்கு மூக்குதான் எல்லாம்.

ஐயாவின் மருமகன் ரெஜிஸுக்கு இது பிடிக்கவில்லை. திரும்பி நிற்கக்கூட இடமில்லாத இரும்புக் கூண்டுகளில் தனித்தனியாக அடைக்கச் சொன்னார். "கூட்டமா விட்டா ரவுடித்தனம்தான் பண்ணும், மாமா."

அவருடைய சென்ட் கேட்டுக்கு வெளியிலேயே மணக்கும். அதே சென்டை வாங்கி ஒரு மாதமாகத் தவிட்டில் கலந்தேன். பன்றிகள் அவரிடம் பிரியமாக வந்தால் அவர் மனம் மாறும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

இன்று காலை தீவனம் வைக்கத் தாமதமானது. தாமதித்தது நான்தான். ரெஜிஸ் கூண்டுக்கு அளவெடுக்க டேப்போடு கொட்டகைக்குள் போனார். வெளியே தாழ் போட்டதும் நான்தான். பன்றிகள் ஓடிவிடக் கூடாதல்லவா.

நாற்பதும் வந்தன. கடிக்கவில்லை, தேடின. சட்டைப்பையில், காலருக்குள், காதுக்குப் பின்னால்.

"ஆஸ்டின், இதுங்கள வெரட்டுடா."

"உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, சார்."

தாழ்ப்பாள் இறுகியிருந்தது. அவசரப்பட்டால் உடைந்துவிடும் என்று நிதானமாகத் திறந்தேன். அதற்குள் அவருக்கு இடது கால் முறிந்துவிட்டது. ஒரு ஷூ இன்னும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தார். துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள சொன்னதுதான் சரி தம்பி. அடுத்த மாசம் கூண்டு வந்துரும்."

"சரிங்கய்யா" என்றேன்.

ஐயா நல்ல மனிதர். பன்றிகளோடு இன்னும் நெருங்கிப் பழகவில்லை, அவ்வளவுதான்.

நாளைய வேலை: ஐயா தலைக்குத் தேய்க்கும் மூலிகை எண்ணெய் ஒரு பாட்டில் வாங்குவது. இந்த முறை சொட்டை எண்ணி விட வேண்டும்.